அத்தான் மாட்டிய ஃபில்டர்

தெருவில் அவரைக் கைராசிக்காரர் என்றுதான் சொல்வார்கள். அதில் இருக்கும் நக்கல் தெரு முழுக்கத் தெரியும். அவருக்கு மட்டும் தெரியாது. யாராவது அப்படிக் கூப்பிட்டால், பட்டம் வாங்க மேடை ஏறுகிறவர் போலச் சட்டையை இழுத்துவிட்டுக்கொள்வார்.

தொழில், பிக்கப் வண்டி ஓட்டுவது. மரப்பட்டறையில் செய்யும் மேசை, நாற்காலி, கட்டில், அலமாரி எல்லாம் அவர் வண்டியில்தான் வீடுகளுக்குப் போகும். கட்டுக் கட்டுவதிலோ, குறுகலான சந்தில் வண்டியைப் பின்னால் எடுப்பதிலோ அவரை மிஞ்ச ஆள் கிடையாது. கடவுள் ஒரு மனிதனுக்கு இவ்வளவு கொடுத்தால் போதாதா? அவருக்குப் போதவில்லை. மற்றவர்கள் சட்டைப் பையில் பேனா வைத்திருப்பார்கள். அவர் ஸ்க்ரூ டிரைவர் வைத்திருப்பார்.

வீட்டில் எது பழுதானாலும், ஆள் கூப்பிடலாமா என்று மனைவி வாயெடுப்பதற்குள், "எதுக்கு ஆளு? நான் என்ன செத்தா போயிட்டேன்?" என்று உட்கார்ந்துவிடுவார். அவர் உட்கார்ந்த இடத்தில் அந்தப் பொருள் படுத்துவிடும். வேலை முடிந்த பிறகு நாலைந்து திருகாணி மிச்சம் இருக்கும். அதைப் பற்றி அவருக்குக் கவலையே கிடையாது. "கம்பெனிக்காரன் எப்பவும் கொஞ்சம் கூடுதலாத்தான் போடுவான்" என்பார். மிச்சத் திருகாணிகளை ஒரு பிஸ்கட் டப்பாவில் சேர்த்து வைத்திருந்தார். டப்பா நிறைந்து, இரண்டாவது டப்பா ஆரம்பித்து நெடுநாளாகிறது.

கல்யாணமான புதிதில் முதல் விபத்து, இஸ்திரிப் பெட்டி. அவர் அதைப் பிரித்து, துடைத்து, மாட்டி, சூடாகிறது பார் என்று மனைவியின் கையை எடுத்து மேலே பிடித்துக் காட்டினார். சூடு உண்மைதான். அன்றைக்கு அவர் முகத்தில் இருந்த வெளிச்சத்துக்கு இஸ்திரிப் பெட்டியே தேவையில்லை, முகத்தை வைத்தே துணி தேய்த்திருக்கலாம். மறுநாள் அவர் லோடு ஏற்றிப் போன பிறகு அந்தப் பெட்டி அவளைத் தூக்கி அடித்தது. கை மரத்துப்போய், சுவரோரம் உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்ததும் தன் தம்பிக்குப் போன் செய்தாள்.

தம்பி எலக்ட்ரீஷியன். வந்தான், பிரித்தான், கால் மணி நேரத்தில் சரிசெய்துவிட்டுக் கேட்டான்.

"அத்தான்கிட்ட சொல்லிடவாக்கா?"

அவள் யோசித்தாள். நேற்றைய முகம் நினைவுக்கு வந்தது. கட்டிய கணவனின் முகத்தில் ஏற்றிய விளக்கைத் தன் வாயாலேயே ஊதி அணைக்க எந்தப் பெண்ணுக்கு மனம் வரும்? மின்சாரம் அடித்த கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வேண்டாம்டா, பாவம்" என்றாள்.

அந்த ஒரு பாவம், ஒரு குடும்பத்தின் தலையெழுத்தை மாற்றியது.

அதற்குப் பிறகு இஸ்திரிப் பெட்டி போனது, ஃபேன் வந்தது. ஃபேன் போனது, வாஷிங் மெஷின் வந்தது. அவர் சரிசெய்வார். மறுநாள் பிக்கப் வண்டி தெருமுனையில் திரும்பியதும் அவள் தம்பிக்குப் போன் செய்வாள். "அத்தான் வேலையை முடிச்சுட்டார்டா" என்பாள். அவ்வளவுதான் செய்தி. அவன் பையைத் தூக்கிக்கொண்டு வந்து, முடிந்துபோன வேலையை ஆரம்பத்திலிருந்து செய்துவிட்டுப் போவான். மகள் பிறந்து, வளர்ந்து, கல்லூரிக்குப் போகும் வயதில் அவளும் சதியில் சேர்ந்தாள். மொட்டை மாடியில் நின்று வண்டி திரும்புகிறதா என்று பார்ப்பது அவள் பொறுப்பு.

இத்தனை வருட அனுபவத்தில் தம்பி ஒரு விதியைக் கண்டுபிடித்திருந்தான்.

"எந்த ஒயர் எங்க போகணும்னு மண்டையை உடைச்சுக்கவே வேண்டாம்க்கா. அத்தான் எப்படி மாட்டியிருக்காரோ, அதுக்கு நேர்மாறா மாட்டினா முடிஞ்சுது. இதுவரைக்கும் ஒரு தடவைகூடத் தப்பினதில்ல."

விஷயம் தெரியாத அத்தான், மச்சானைப் பார்க்கும்போதெல்லாம் தொழில் சொல்லிக் கொடுப்பார். "நீயும் எலக்ட்ரீஷியன்னு சொல்லிக்கறே. உங்க வீட்டு ஃபேன் ரயில் மாதிரி கத்துது. எங்க வீட்டுல நான் மாட்டின ஃபேனைப் பாரு. ஏதாவது சத்தம் கேக்குதா?"

தம்பி அண்ணாந்து, தான் மாட்டிய ஃபேனைப் பார்ப்பான். "இல்ல அத்தான்."

"கத்துக்க."

"சரி அத்தான்."

அவன் முகத்தில் அப்போது ஒரு தசைகூட அசையாது. அரசவையில் தூக்குத் தண்டனை கேட்கும் வீரன்கூட அப்படி நின்றிருக்க மாட்டான்.

பிக்கப் வண்டி மட்டும் இந்த வரலாற்றில் சேராமல் தப்பித்திருந்தது. அடக்கத்தால் அவர் அதைத் தொடவில்லை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அவர் ஒருமுறை ஸ்பேனரோடு பானெட்டைத் திறந்ததை ஒர்க்‌ஷாப் மெக்கானிக் பார்த்துவிட்டு, "இந்த வண்டியை ஒண்ணு நீங்க பாருங்க, இல்ல நான் பாக்கறேன். ரெண்டு பேரும் பாத்தா அது தாங்காது" என்று சொல்லியிருந்தார். அன்று அடங்கிய கைதான்.

இப்போது அந்த வண்டி மேடு ஏறும்போது இருமத் தொடங்கியது. சமதரையில் ஒழுங்காகப் போகும். மேடு வந்தால் இழுக்காது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் திக்கித் திக்கி, மாமியார் வீட்டுக்குள் நுழையும் புது மருமகன் மாதிரி ஒரு அடி வைத்து, நின்று, யோசித்து, இன்னொரு அடி வைக்கும். இரண்டு லோடு தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. மரப்பட்டறை முதலாளி கூப்பிட்டு அனுப்பினார்.

முதலாளி கோபப்படுகிறவர் இல்லை. அதுதான் பயம். மெதுவாகத்தான் பேசுவார்.

"நாளைக்குப் பள்ளிக்கூடத்து லோடு. அந்த மேட்டு மேல இருக்கே, அதே பள்ளிக்கூடம். முதல் மணி அடிக்கறதுக்குள்ள மேசை எல்லாம் வகுப்புல இருக்கணும். பிள்ளைங்க தரையில உக்காந்தா அவங்க அடுத்த வேலையை எனக்குக் குடுக்க மாட்டாங்க."

"வண்டி சரியாயிடும் முதலாளி."

"சரியாயிட்டா சந்தோஷம். இல்லேன்னா நீங்க வருத்தப்படக்கூடாது. வேற வண்டி கேட்டு வச்சிருக்கேன். நாளைக்கு நீங்க வரலைன்னா அந்த வண்டிதான். நாளைக்கு மட்டும் இல்ல, எப்பவும்."

அவர் நேராக ஒர்க்‌ஷாப்புக்குப் போனார். மெக்கானிக் மைத்துனி கல்யாணத்துக்கு வெளியூர் போயிருந்தார். ஷட்டர் இறங்கியிருந்தது. வேறு யாராக இருந்தாலும் அந்தப் பூட்டைப் பார்த்து இடிந்து போயிருப்பார்கள். இவருக்கோ, சிறைக் கதவு திறந்த மாதிரி இருந்தது.

உதிரி பாகங்கள் விற்கும் கடையில் விஷயத்தைச் சொன்னார். கடைக்காரர் தலையைக்கூடத் தூக்கவில்லை.

"மேட்டுல மட்டும் இழுக்கலையா? பெட்ரோல் ஃபில்டர் அடைச்சிருக்கும். டேங்க்ல இருந்து வர்ற அழுக்கெல்லாம் அதுலதான் சேரும். பெட்ரோல் பத்தாம வண்டி திணறுது." உள்ளங்கையில் அடங்கும் ஒரு புது ஃபில்டரை எடுத்து வைத்தார். "மேல ஒரு அம்புக்குறி இருக்கு பாருங்க. அது இன்ஜின் பக்கம் பாக்கணும். மாத்தி மாட்டிடாதீங்க."

"தெரியும்" என்றார் கைராசிக்காரர். தெரியாது. ஆனால் வீடு வரும்வரை, பரீட்சைக்குப் போகிற பிள்ளை மாதிரி, இன்ஜின் பக்கம், இன்ஜின் பக்கம் என்று உதட்டுக்குள் சொல்லிக்கொண்டே வந்தார். வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவர் சொன்னதைக் காதில் வாங்கியிருந்தார். இதை யாரும் பார்க்கவில்லை என்பதுதான் இந்தக் கதையின் சோகம்.

மத்தியானம் வீட்டு முற்றத்தில் வேலை ஆரம்பித்தது. வண்டிச் சக்கரங்களுக்குக் கல் வைத்தார். பேட்டரி ஒயரைக் கழற்றினார். பழைய சாக்கை விரித்து, வண்டிக்கு அடியில் நுழைந்தார். வெளியே தெரிந்தது இரண்டு பாதங்கள் மட்டும். சமையலறை வாசலில் மனைவி, பழைய அலுமினியத் தட்டோடு நின்றாள். மகள் படியில் உட்கார்ந்திருந்தாள்.

"அப்பா, டப்பா எடுத்துட்டு வரவா?"

"எதுக்கு?"

"மிச்சம் வர்றதைப் போட."

"இன்னிக்கு மிச்சம் எதுவும் வராது" என்றது வண்டிக்கு அடியிலிருந்து குரல். "தட்டைத் தள்ளு."

மனைவி தட்டைத் தள்ளினாள். "பக்கத்துல யாரும் அடுப்புப் பத்த வைக்கலையே? நீங்க பாட்டுக்குப் பெட்ரோலைத் திறந்து விட்டுடாதீங்க."

"நான் என்ன சின்னப் பிள்ளையா?"

அந்தக் கேள்விக்கு வீட்டில் யாரும் பதில் சொல்வதில்லை என்று ஒரு வழக்கம் இருந்தது.

டேங்க்கிலிருந்து வரும் ரப்பர்க் குழாயை மடித்து, கம்பி போட்டு இறுக்கினார். கிளிப்பைத் தளர்த்தி ஃபில்டரை உருவினார். குழாயில் தேங்கியிருந்த பெட்ரோல் மணிக்கட்டு வழியாகச் சட்டைக்கைக்குள் இறங்கி அக்குள் வரைக்கும் போனது. "ஐயோ" என்றார். அவ்வளவுதான் சேதம். பழைய ஃபில்டரைத் தட்டில் கவிழ்த்தார். கஷாயம் மாதிரி கறுப்பாக வந்தது. புது ஃபில்டரை எடுத்து, அம்புக்குறியைப் பார்த்தார். இன்ஜின் எந்தப் பக்கம் என்று தலையைத் தூக்கிப் பார்த்தார். மறுபடி அம்புக்குறியைப் பார்த்தார். மாட்டினார். இரண்டு கிளிப்பையும் இறுக்கி, குழாயில் போட்ட கம்பியை அவிழ்த்தார். உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு, கசிகிறதா என்று விரலால் தடவிப் பார்த்தார். கசியவில்லை.

பேட்டரி ஒயரை மாட்டியதும் வண்டி ஒரே சாவியில் கிளம்பியது. பூனை மாதிரி உறுமியது. சாக்கை உதறினால், ஒரு திருகாணிகூட மிச்சமில்லை.

மனைவி சாக்கை வாங்கி மறுபடி உதறிப் பார்த்தாள். இத்தனை வருடத்தில் மிச்சம் இல்லாமல் முடிந்த வேலை இதுதான். எங்கேயோ பெரிதாகத் தவறு நடந்திருக்கிறது.

அவர் கையைக் கழுவவில்லை. முதலாளியிடம் வண்டி தயார் என்று நேரில் சொல்லப் போவதாகச் சொன்னார். போனிலேயே சொல்லலாமே என்றதற்கு, "சில விஷயம் நேர்ல சொன்னாத்தான் மரியாதை" என்றார். வண்டியையும் எடுக்கவில்லை. கிரீஸ் பூசிய கையைச் சட்டையில் படாமல் விரித்துப் பிடித்தபடி, எதிரே வருகிற ஒவ்வொருவரும் என்ன என்று கேட்பதற்கு வசதியாக, மெல்ல நடந்து போனார்.

அவர் தெருமுனை திரும்பியதும் மகள் மாடியிலிருந்து இறங்கி வந்தாள்.

"அம்மா, வேண்டாம்மா. வண்டி நல்லாத்தானே ஓடுது."

"இஸ்திரிப் பெட்டியும் முதல்ல நல்லாத்தான் சூடாச்சு" என்றாள் அம்மா. "நாளைக்கு மேட்டுல நின்னுச்சுன்னா நம்ம பொழப்பு நின்னுச்சு." போனை எடுத்தாள். "தம்பி, அத்தான் வேலையை முடிச்சுட்டார்டா."

"இந்தத் தடவை என்ன?"

"வண்டி."

"அக்கா, எனக்கு வண்டி தெரியாதுக்கா."

"அத்தானைத் தெரியும்ல? வா."

வந்தான். சாக்கை விரித்து அடியில் நுழைந்து டார்ச் அடித்துப் பார்த்தான். கிளிப் ஒழுங்காக இறுகியிருந்தது. குழாய் ஒழுங்காக உட்கார்ந்திருந்தது. அவனுக்கும் பயம் வந்தது.

"ஒரு அம்புக்குறி இருக்குக்கா. இன்ஜினைப் பாத்துட்டு இருக்கு."

மகள் குனிந்து பார்த்தாள். "மாமா, அம்புன்னா பெட்ரோல் போற திசைதானே? அப்ப இன்ஜினைத்தானே பாக்கணும்?"

"நானும் அதைத்தான் நினைக்கறேன்."

"அப்புறம் என்ன?"

"அத்தானும் அதைத்தான் நினைச்சிருக்காரே. அதான் இடிக்குது."

அறிவு அவன் காதில் ஏதோ சொல்லிப் பார்த்தது. இருபது வருட அனுபவம் அதன் வாயைப் பொத்தியது. அத்தான் இடது என்றால் வலது. அத்தான் மேலே என்றால் கீழே. அந்த விதியை நம்பித்தான் இந்த வீட்டில் இதுவரை விளக்கு எரிந்தது, தண்ணீர் வந்தது, துணி வெளுத்தது.

ஃபில்டரைக் கழற்றினான். திருப்பினான். மாட்டினான். சாவியைப் போட்டுப் பார்த்தார்கள். வண்டி நின்ற இடத்தில் உறுமத்தான் செய்தது. அக்காவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. கைராசிக்காரர் திரும்பி வந்தபோது வண்டிக்கு அடியில் கிடந்த சாக்குகூடப் பழைய மடிப்பில் இருந்தது. அத்தனை நேர்த்தியாக ஒரு நல்ல வேலையைக் கெடுத்த குடும்பம் அந்த வட்டாரத்தில் வேறு கிடையாது.

காலையில் துவைத்த சட்டை போட்டுக்கொண்டு, தலையைப் படிய வாரிக்கொண்டு வண்டியில் ஏறினார். "பாத்துக்க" என்றார் மனைவியிடம். எதை என்று சொல்லவில்லை. வண்டி முற்றத்தைத் தாண்டியது. தெருவில் போனது. தெருமுனையில் சின்ன ஏற்றம். ஆக்ஸிலேட்டரை மிதித்தார். வண்டி இருமியது, விக்கியது, நின்றது.

மறுபடி கிளப்பினார். நின்ற இடத்தில் உறுமியது. மிதித்தார். செத்தது.

எதிர்க்கடைக்காரர் கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்து, "என்ன கைராசி, நேத்து நடந்து போனீங்க, இன்னிக்குத் தள்ளிட்டுப் போகப் போறீங்களா?" என்றார். கேட்டுவிட்டு, மனசு கேட்காமல் அவரே வந்து முன்னாலிருந்து பின்பக்கமாகத் தள்ளினார். வண்டி சரிவில் உருண்டு வீட்டு வாசலுக்கே திரும்பி வந்தது.

மனைவி ஓடி வந்தாள். அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். அந்த முகத்தை அவள் பார்த்தாள். எந்த முகம் வாடிவிடக் கூடாது என்று மின்சாரத்தில் அடிபட்டு, பொய் சொல்லி, தம்பியைத் திருடன் மாதிரி வீட்டுக்குள் வரவழைத்துக் கட்டிக் காத்தாளோ, அந்த முகம். விளக்கு அணைந்து, திரியும் கருகியிருந்தது.

"நான் தொட்டிருக்கக் கூடாது" என்றார். "அந்த மெக்கானிக் அன்னிக்கே சொன்னான்."

மகள் மாமாவுக்குப் போன் செய்துவிட்டிருந்தாள். அவன் வந்து இறங்கியபோது அத்தான் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துக்கொண்டிருந்தார்.

"யாருக்கு?" என்றாள் மனைவி.

"முதலாளிக்கு. இப்பவே சொன்னாத்தான் அந்த வண்டியாவது நேரத்துக்குப் போகும். பிள்ளைங்க ஏன் தரையில உக்காரணும்."

அவள் தம்பியைப் பார்த்தாள். தம்பி தரையைப் பார்த்தான். வாயை மூடிக்கொண்டிருந்தால், இருபது வருட ரகசியம் பிழைக்கும், பிழைப்பு போகும். வாயைத் திறந்தால், பிழைப்பு பிழைக்கும், ரகசியம் போகும். ரகசியத்தோடு சேர்ந்து இந்த மனிதரும் போய்விடுவாரோ? அவள் கை போனுக்கு மேலே போய் உட்கார்ந்தது.

"போன் பண்ணாதீங்க. நீங்க மாட்டினது சரிதான்."

"சரின்னா ஏன் நிக்குது?"

"நேத்து நீங்க முதலாளியைப் பாக்கப் போனப்ப, தம்பி திருப்பி மாட்டிட்டான். நான்தான் மாட்டச் சொன்னேன்."

அவர் மனைவியைப் பார்த்தார். மச்சானைப் பார்த்தார். எதுவும் விளங்கவில்லை.

"இவனுக்கு வண்டியைப் பத்தி என்ன தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது அத்தான்" என்றான் தம்பி.

"அப்புறம் எதுக்குடா திருப்பினே?"

மனைவிதான், சேலைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி, சொல்லி முடித்தாள். இஸ்திரிப் பெட்டியில் ஆரம்பித்து எல்லாவற்றையும். அழுகைக்கு நடுவே சொன்னதால் சில பொருட்கள் இரண்டு முறை வந்தன.

அவள் முடித்த பிறகு அவர் ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"காலிங் பெல்?"

"தம்பி."

"மோட்டார்?"

"தம்பி."

"மாடிப் படி லைட்டு? அதை நான் ராத்திரி பூரா உக்காந்து மாட்டினேனே."

"தம்பி."

"குளியலறைத் தாழ்ப்பாள்?"

"அது நீங்கதான்" என்றாள் மகள். "அதான் யாரு குளிச்சாலும் வெளிய ஒருத்தர் காவலுக்கு நிக்கறோம்."

அவர் வண்டியிலிருந்து இறங்கினார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வாசல்வரை போனார், திரும்பி வந்தார். கத்துவார், பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்புவார், இனி இந்த வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டேன் என்பார் என்று மூன்று பேரும் மூன்று விதமாக நினைத்துக்கொண்டு நின்றார்கள். அவர் மனைவிக்கு முன்னால் வந்து நின்றார்.

"அப்ப, நான் மாட்டினது சரி."

"ம்."

"அம்புக்குறி இன்ஜின் பக்கம்தான் இருந்துச்சு."

"ஆமாங்க."

"நல்லாப் பாத்தியா?"

"நான் பாத்தேன் அத்தான்" என்றான் தம்பி. "கிளிப்பெல்லாம்கூட நல்லா இறுக்கியிருந்தீங்க."

இருபது வருடத் துரோகம் கண்ணெதிரே மூட்டை பிரிந்து கிடந்தது. அதிலிருந்து அந்த மனிதர் பொறுக்கிக்கொண்டது இந்த ஒரு துண்டைத்தான். அதற்காக அவரைக் கேலி செய்கிறவர்கள் செய்துகொள்ளட்டும். வாழ்நாள் முழுக்கத் தோற்றவனுக்கு, தோற்றது எல்லாம் ஒரே நாளில் தெரியவந்து, ஜெயித்தது ஒன்றே ஒன்று என்று கணக்கும் சொல்லப்பட்டால், அவன் அந்த ஒன்றைக் கட்டிக்கொண்டு அழாமல் வேறு என்ன செய்வான்? அவர் கண் ஓரத்தில் ஈரம் இருந்தது. பெட்ரோல் வாடை என்று சொல்லிக்கொண்டார்.

தம்பி சாக்கை விரித்து அடியில் நுழைந்தான்.

"வெளிய வாடா" என்றார். "நான் பாத்துக்க..." பாதியில் நிறுத்தினார். சட்டையைக் கழற்றி மகளிடம் கொடுத்துவிட்டு, அவரும் நுழைந்தார். "நகரு. குழாயை மடிச்சுப் பிடி. நான் உருவறேன்."

"இப்படியா அத்தான்?"

"இன்னும் இறுக்கி. மூஞ்சியைத் தள்ளி வச்சுக்க."

சொல்வதற்குள் மச்சானின் முகத்தில் பெட்ரோல் தெறித்தது. அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டு துப்பினான். அத்தானுக்கு உள்ளுக்குள் கொஞ்சம் திருப்தி. அதை மறைக்க அவர் முயலவும் இல்லை. நாலு பாதங்கள் வெளியே தெரிய, இருபது வருடமாக ஒரே வேலையை ஒருவர் பின் ஒருவராகச் செய்துவந்த இருவரும் முதல்முறையாகச் சேர்ந்து செய்தார்கள். ஃபில்டர் திரும்பியது. கிளிப் இறுகியது. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்த தம்பியையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். "ஏறு. மேசை இறக்கவாவது உதவுவே."

தெருமுனை ஏற்றத்தில் வண்டி இருமவில்லை. எதிர்க்கடைக்காரர் கையைக் காட்டினார். கைராசிக்காரர் ஹாரன் அடிக்கக்கூட மறந்துபோய் மேட்டைப் பார்த்தே ஓட்டினார்.

பட்டறையில் ஏற்றி, பள்ளிக்கூடத்து மேட்டில் ஏறி, வாசலில் நிறுத்தியபோது முதல் மணிக்குக் கொஞ்சம்தான் இருந்தது. முதலாளி ஸ்கூட்டரில் முன்னாலேயே வந்து நின்றிருந்தார். வகுப்புப் பக்கம் கையைக் காட்டினார். இருவரும் மேசைகளைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வகுப்புக்கும் வண்டிக்குமாக ஓடினார்கள். பிள்ளைகள் வரிசையில் வந்துகொண்டிருக்கும்போதே கடைசி வரிசை மேசை உள்ளே போனது. மணி அடித்தது.

முதலாளி அப்போதுதான் வாயைத் திறந்தார். "நேத்தே வண்டி தயார்னீங்க. காலையில ஏன் தாமதம்?"

"நான் சரியாத்தான் முதலாளி மாட்டினேன். வீட்டுல திருப்பி மாட்டிட்டாங்க."

முதலாளி சிரித்தார். மெதுவாகப் பேசுகிறவர் சத்தமாகச் சிரித்தார். இத்தனை வருடம் இவர் அடித்துவிட்ட பெருமைகளையெல்லாம் தலையாட்டிக் கேட்டிருக்கிறார். இந்த ஒன்றைத்தான் நம்பவில்லை. இது ஒன்றுதான் உண்மை.

"இப்படி ஒரு சாக்குப்போக்கை நான் கேட்டதே இல்ல. ஏம்பா, நீ அவர் மச்சான்தானே? சொல்லு, உங்க அத்தான் சொல்றது நிஜமா?"

தம்பி நெற்றி வியர்வையைத் துடைத்தான். அத்தான் அவனைப் பார்க்கவில்லை. வண்டிக் கட்டுக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"நிஜம்தாங்க. அத்தான் சரியா மாட்டினதை நான்தான் கெடுத்தேன்."

முதலாளியின் சிரிப்பு நின்றது. அவனை மேலும் கீழும் பார்த்தார். "நீ எலக்ட்ரீஷியன்ல? பட்டறைக்குப் புது ஒயரிங் செய்யணும், உன்னைக் கூப்பிடலாம்னு இருந்தேன். நல்ல வேளை, இப்பவே தெரிஞ்சுது."

தம்பியின் விதிப்படி, எப்போதும் தப்பான பக்கமே திரும்பும் அத்தான் இப்போது கயிற்றைச் சுருட்டிக்கொண்டே போய் வண்டியில் ஏற வேண்டும்.

கயிறு நின்றது.

"அந்த வேலையை இவனுக்கே குடுங்க முதலாளி" என்றார் கைராசிக்காரர். "எங்க வீட்டு ஃபேன், மோட்டார், லைட்டு, எல்லாம் இவன் மாட்டினதுதான். நான் மாட்டினேன்னு உங்ககிட்ட சொன்னதெல்லாம் இவன் வேலை. ஒண்ணுகூட இதுவரைக்கும் நின்னதில்ல."

முதலாளி அவரையே பார்த்தார். பிறகு தம்பியைப் பார்த்தார். இந்தக் குடும்பத்தில் யார் எதை மாட்டினார்கள் என்பது ஒரு சாதாரண மனிதரால் புரிந்துகொள்ளக் கூடிய விஷயமாக இல்லை.

"அப்ப நீங்க என்னதான் செஞ்சீங்க?"

"ஃபில்டர்" என்றார் அவர், வண்டியில் ஏறியபடி. "அடுத்த லோடு எங்கேங்க?"